சீந்தில், கிலோய், குள்வேல்: ஒரு கொடியின் பெயர்களும் கல்லீரல் நொதி உயர்ந்த காரணமும்

2020ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில், மும்பையில் ஆறு நோயாளிகள் கல்லீரல் அழற்சியுடன் மருத்துவம் நாடி வந்தனர். அவர்களுடைய இரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு உயர்ந்திருந்தது. வழக்கமான காரணங்களை மருத்துவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கினர். அறுவருக்கும் பொதுவாக எஞ்சி நின்றது ஒன்றே. நோயெதிர்ப்பாற்றல் பெருகும் என்னும் நம்பிக்கையில் அவர்கள் அனைவரும் ஒரே கொடியை உட்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் அக்கொடியின் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை இலவங்கப்பட்டை, கிராம்புடன் சேர்த்து வேகவைத்து, இரு நாள்களுக்கு ஒருமுறை என மூன்று மாதம் குடித்திருந்தார். ஜஸ்லோக் மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் ஆபா நாக்ரல் உள்ளிட்டோர் இந்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை, இந்தியக் கல்லீரல் ஆய்வுக் கழகத்தின் இதழில் 2021இல் வெளியானது.

அக்கொடியை இந்தியில் கிலோய் என்பர், மராத்தியில் குள்வேல், வடமொழியில் குடூசி, அமிருதா, மலையாளத்தில் சிற்றமிருது. தமிழில் அது சீந்தில்.

மருத்துவ வரலாறு பயில்வோர்க்கு இந்நிகழ்வு ஒரு நல்ல பாடம். ஆய்வகம் தரும் எண் கல்லீரல் புண்பட்டிருப்பதைத் தெரிவிக்கும். புண்படுத்தியது எது என்பதைத் தெரிவிக்காது. அதை அறிய, நோயாளியிடம் கேட்க வேண்டும்; அவர் அறிந்த சொல்லில் கேட்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்விரு படிகளும் எவ்வளவு நெடிய வரலாற்றைக் கடந்து வந்தன என்பதையும், மும்பைத் தமிழருக்கு இரண்டாம் படி ஏன் இன்றியமையாதது என்பதையும் இப்பதிவில் எடுத்துரைக்க முயல்கிறேன்.

1. எண் பிறந்த வரலாறு

இன்று ஆய்வக அறிக்கைகளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று அச்சாகும் இரு நொதிகளும் மருத்துவத்துக்குள் நுழைந்தது கல்லீரலின் வழியாக அன்று. நியூயார்க்கில் ஜான் லாடூ, பெலிக்ஸ் ரொப்லெவ்ஸ்கி, ஆர்தர் கார்மென் ஆகிய மூவரும் 1954இல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்புற்றவர்களின் குருதியில் முதல் நொதி உயர்வதைக் காட்டியது. குருதியிலுள்ள அந்நொதிகளை ஒளி உறிஞ்சல் வழியே எளிதில் அளக்கும் முறையைக் கார்மென் வகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பெர்னாண்டோ தெ ரித்திஸ் குழுவினர், வைரசால் வரும் கல்லீரல் அழற்சியில் இந்நொதிகள் உயர்வதை 1955இல் எடுத்துக்காட்டினர். இரு நொதிகளின் விகிதம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இத்தொடக்கத்தை நினைவிற்கொள்வது நன்று. இந்நொதிகள் உயிரணுவின் உள்ளே பணிபுரிபவை. உயிரணு சிதையும்போது அவை குருதியில் கசிகின்றன. எஸ்.ஜி.ஓ.டி. இதயத்திலும் தசையிலும் சிவப்பணுக்களிலும் உண்டு; எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்கு உரியது. ஆகவே உயர்ந்த எண் ஓரிடத்தில் சிதைவு நிகழ்கிறது என்பதற்குச் சான்றாகும். புகையைக் கண்டு நெருப்பு உண்டென அறியலாம். அதை மூட்டியவர் யாரென அறிய ஊருக்குள் சென்று விசாரிக்க வேண்டும். அவ்விசாரணைக்கென ஒரு பட்டியல் மருத்துவத்தில் உருவாயிற்று. அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு காலத்தில் உழைத்துச் சேர்க்கப்பட்டது.

2. விலக்கப்பட்ட காரணங்கள்

மும்பை நோயாளிகளிடம் முதலில் தேடப்பட்டவை வைரசுகள். பருவமழைக் காலத்தில் மஞ்சள் காமாலை பெருகுவதை இந்நகரத்துக் குடிசைப் பகுதிகளும் சால்களும் நன்கறியும். கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ வைரசை இன்று ஒரு குருதிச் சோதனையால் கண்டுபிடித்துவிடலாம். அச்சோதனைக்குப் பின்னே முப்பதாண்டுக் காத்திருப்பு உள்ளது. 1955 டிசம்பரில் தில்லியில் தொடங்கிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. யமுனையில் கழிவுநீர் பின்னேறிக் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்தது என்பது அப்போதே அறியப்பட்டது. ஆயினும் அந்நீரில் இருந்த கிருமி யாதென அறியும் கருவி அன்று இல்லை. தொற்றுக் காமாலை என்ற பொதுப்பெயரே வழங்கியது.

அக்கொள்ளைநோயின்போது எடுக்கப்பட்ட குருதி மாதிரிகள் பாதுகாக்கப்பட்டன. அவற்றையும், 1975-76 அகமதாபாத், 1978-79 புனே நோயாளிகளின் மாதிரிகளையும் ஆராய்ந்து 1980இல் வெளியான ஆய்வு, நோய்க்குக் காரணம் ஏ வைரசும் அன்று, பி வைரசும் அன்று எனக் காட்டியது. அதே ஆண்டில் காஷ்மீர்க் கொள்ளைநோயை ஆராய்ந்த முகம்மது சுல்தான் குரூவும் அம்முடிவையே எட்டினார். நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்து நோயுற்ற உருசிய அறிஞர் மிகையில் பாலயான், 1983இல் அவ்வைரசை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். மாதிரியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த ஆய்வகத்தின் பொறுமை இல்லையேல், 1955ஆம் ஆண்டின் நோய்க்குக் காரணம் இன்றளவும் விளங்காமலே போயிருக்கும்.

அடுத்துக் கேட்கப்படும் கேள்வி மது. நம் சமூகத்தில் கல்லீரல் கெட்டது என்றவுடன் குடிப்பழக்கமே நினைவுக்கு வருகிறது. குடிக்காதவர் தம்மைக் குடிக்காதவரென மெய்ப்பிக்கப் போராடும் நிலை மேலை நாடுகளிலும் இருந்தது. 1980இல் மேயோ மருத்துவமனையின் யூர்கன் லுட்விக், குடிப்பழக்கமற்ற 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவில் குடிகாரர்களுக்கு ஒப்பான மாற்றங்களைக் கண்டு, அந்நோய்க்குத் தனிப்பெயர் இட்டார். மதுவின்றி வரும் கொழுப்புக் கல்லீரல் இவ்வாறு பட்டியலில் இடம்பெற்றது.

இதன் பரவலை இந்தியச் சமூகத்தில் முதலில் அளந்த ஆய்வுகளுள் ஒன்று மும்பையில் நடந்தது. தீபக் அமராபூர்க்கர் குழுவினர் இரு ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தோரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், 16.6 விழுக்காட்டினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்ததாகக் குறித்தனர். 20 வயதைக் கடந்தோருள் அது 18.9 விழுக்காடு. 2017 மழை வெள்ளத்தில் மும்பை இழந்த மருத்துவர் அவர். மருத்துவமனைக்கு வந்தோரை எண்ணாமல் குடியிருப்புக்கே சென்று எண்ணியதால், தம்மை நோயாளி என்றே கருதாதவர்களிடத்தும் இந்நிலை இருப்பது தெரியவந்தது. இன்று முழு உடற்பரிசோதனையில் நொதி சற்றே உயர்ந்திருந்தால், அல்ட்ராசவுண்டு எடுத்துக் கொழுப்பைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

3. நோய் தீர்ப்பதே நோய் தருவதாதல்

வைரசும் மதுவும் கொழுப்பும் விலக்கப்பட்ட பின் எஞ்சுவது, நோயாளி நலம் நாடித் தாமே விரும்பி உட்கொண்ட பொருள். இதை ஐயுறுவது கடினம். இதற்கு நவீன மருந்தும் விலக்கன்று என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும்.

1952இல் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியாசிட், காசநோய் மருத்துவத்தை மாற்றியமைத்த மருந்து. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் ஏழை நோயாளி தம் வீட்டிலிருந்தே நலம்பெற இயலும் என்று 1959இல் காட்டியதும் இம்மருந்தைக் கொண்டே. பின்னர், அமெரிக்கத் தலைநகரில் அரசு ஊழியர் 2,321 பேருக்குத் தடுப்பாக ஐசோனியாசிட் அளிக்கப்பட்டபோது 19 பேருக்குக் கல்லீரல் நோய் கண்டது, இருவர் இறந்தனர். 1972இல் இது வெளியிடப்பட்டது. மருத்துவ உலகம் அம்மருந்தைக் கைவிடவில்லை. தீங்கை மறுக்கவும் இல்லை. யாருக்கு வரும், எப்போது வரும், எவ்வடையாளம் கண்டால் நிறுத்த வேண்டும் என்று வகுத்துக்கொண்டது. சிறுநீர் மஞ்சளித்தாலோ வாந்தி நீடித்தாலோ உடனே வந்து சொல்லும்படி தாராவியின் காசநோயாளியிடம் இன்று கூறப்படுவது அவ்வறிவின் பயனே.

ஒரு பொருள்தான் கல்லீரலைப் புண்படுத்தியது என்று முடிவு செய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. அதனால் 1993இல் ரூக்காம் என்னும் மதிப்பெண் முறை வகுக்கப்பட்டது. பொருளை உட்கொள்ளத் தொடங்கியதற்கும் நோய் தோன்றியதற்கும் உள்ள இடைவெளி, நிறுத்தியபின் நொதி இறங்கும் விரைவு, உடன் உட்கொண்ட பிற மருந்துகள், வேறு காரணங்கள் விலக்கப்பட்டமை, அப்பொருளைப் பற்றிய முந்தைய பதிவு, மீண்டும் உட்கொண்டபோது நேர்ந்தது ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகையைப் பொறுத்து 'ஐயம்', 'கூடும்', 'பெரிதும் கூடும்' என்று நிகழ்தகவின் மொழியில்தான் முடிவு வரும். மும்பை மருத்துவர்களும் இத்தகைய முறையையே மேற்கொண்டனர். திசுப் பரிசோதனை ஒரு குறிப்பைத் தந்தது. உடலின் தற்காப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும்போது காணப்படும் மாற்றங்களை அத்திசு ஒத்திருந்தது. நோயெதிர்ப்பாற்றலைத் தூண்ட உட்கொண்ட பொருள் அதைத் தன் உடலுக்கே எதிராகத் திருப்பியிருக்கலாம் என்ற கருத்து இங்கிருந்து எழுந்தது.

4. கீழாநெல்லி முன்னோடி

மூலிகையை இத்தகைய ஆய்வுக்கு உட்படுத்துவது மரபை இழிவுபடுத்துவதாகும் என்னும் மனக்குறை நம்மிடையே உண்டு. சென்னையின் வரலாறு இதற்கு வேறு விடை தருகிறது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகத்தின் ஊரறிந்த மருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து, இம்மூலிகையை அவ்வைரசைச் சுமப்போரிடம் ஆராய்ந்தனர். 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவின்படி, மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேருக்கு வைரசின் மேலுறைப் புரதம் குருதியிலிருந்து மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நிகழ்ந்தது. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகள் அப்பயனைக் காணவில்லை.

பின்வந்த முடிவுகள் எவ்வாறாயினும், சென்னையில் மேற்கொள்ளப்பட்ட முறை போற்றத்தக்கது. மூலிகையின் தாவரப்பெயர் உறுதி செய்யப்பட்டது, அளவு குறிக்கப்பட்டது, ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது, குருதிச் சோதனையால் விளைவு அளக்கப்பட்டது. நன்மையை மெய்ப்பிக்க இவ்வளவும் தேவையெனில், தீமையை அறியவும் இவையே தேவை. நன்மைக்கு மட்டும் ஆய்வகத்தை அழைத்துத் தீமைக்கு அதன் கதவை மூடுவது முறையாகாது.

5. 2021-22: ஒரு வழக்கும் அதன் சான்றுகளும்

மும்பைக் கட்டுரை வெளியானதும் எழுந்த விவாதத்தை இப்பின்னணியில் நோக்க வேண்டும். 2020 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட கொரோனா மேலாண்மைக்கான ஆயுஷ் நெறிமுறையில் அசுவகந்தா, சியவனப்பிராசம் ஆகியவற்றுடன் சீந்தில் மாத்திரையும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. தமிழகத்தில் பரவலாக வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளுள்ளும் சீந்தில் ஒன்று. எனவே இக்கொடியின் மீதான குற்றச்சாட்டு, அரசின் பரிந்துரை மீதான குற்றச்சாட்டாகவும் ஒலித்தது. மும்பை நோயாளிகள் குறித்த கட்டுரை கபசுரக் குடிநீரைப் பற்றியதன்று என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும்.

2021 ஜூலை 7 அன்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்பு வெளியிட்டது. நோயாளிகள் உட்கொண்ட பொருளின் உட்கூறுகள் ஆராயப்படவில்லை. அது மெய்யாகவே சீந்திலா, தோற்றத்தில் ஒத்த வேறொரு கொடியா என்பது உறுதி செய்யப்படவில்லை. ஆகவே சீந்திலையும் கல்லீரல் பாதிப்பையும் தொடர்புபடுத்துவது தவறான கருத்தைப் பரப்பும் என்பன அம்மறுப்பின் சாரம். ஒத்த கொடியாகச் சுட்டப்பட்டது தண்டில் முண்டுகள் மிகுந்த தினோஸ்போரா கிரிஸ்பா.

கல்வியுலகினர் இம்மறுப்பை எளிதில் தள்ளிவிடலாகாது. தாவரத்தின் அடையாளம் பற்றிய வினா முறையான வினா. சந்தையில் துண்டுகளாகக் கட்டி விற்கப்படும் தண்டை இலையின்றிப் பூவின்றி அடையாளம் காண்பது எளிதன்று. முறையான வினாவுக்கு முறையான விடை தேடுவதே அறிவுநெறி. அவ்விடை 2022இல் வந்தது. இந்தியாவின் 13 மருத்துவ மையங்களில் 43 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரை, கொடியை உட்கொள்ளத் தொடங்கியதற்கும் நோய்க்குறி தோன்றியதற்கும் இடையே இருந்த காலத்தின் இடைநிலை 46 நாள் எனக் குறித்தது. சேகரித்த மாதிரிகளின் வேதிப் பகுப்பாய்வில் சீந்திலுக்கு உரிய சேர்மங்களே காணப்பட்டன. கல்லீரலைக் கெடுக்கக்கூடிய வேறு கலப்படம் காணப்படவில்லை. தற்காப்பாற்றல் கோளாற்றை ஒத்த அழற்சி இங்கும் தென்பட்டது. அமைச்சகம் 2022 பிப்ரவரியில் மீண்டும் அறிக்கை வெளியிட்டுச் சீந்தில் பாதுகாப்பானது என்ற தன் நிலையை உறுதிப்படுத்தியது.

இத்தகைய ஆய்வின் எல்லையையும் மாணவர்கள் உணர்தல் வேண்டும். நோய்வாய்ப்பட்டு வந்தோரை மட்டும் எண்ணும் ஆய்வு, தீங்கு நேரக்கூடும் என்பதைக் காட்டும். உட்கொண்டோரில் எத்தனை பேருக்கு நேரும் என்பதைக் காட்டாது. சீந்திலை உட்கொண்டு எவ்வித இடருமின்றி வாழ்வோர் பலர். ஐசோனியாசிட் உட்கொண்டோரிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அங்கே சிறுபான்மையினரைக் காக்க நெறி வகுத்தோம்; இங்கே அத்தகைய சிறுபான்மை உண்டா என்பதிலேயே வழக்காடி நின்றோம். இரு வரலாறுகளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

6. தாராவியில் கேட்கப்பட வேண்டிய சொல்

இனி மும்பைத் தமிழரிடம் வருவோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து தாராவியில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும், அலுவலகப் பணி நாடி மாட்டுங்காவில் தங்கிப் பின்னர் செம்பூருக்கும் பரவியவர்களும் மொழியால் ஒன்றுபட்டு, தொழிலாலும் சாதியாலும் வேறுபட்டு வாழும் நகரம் இது. மருத்துவமனையில் இவர்கள் பேசும் மொழி இந்தி அல்லது மராத்தி. சற்று வசதி படைத்தோர்க்கு ஆங்கிலம். வீட்டு மருந்தின் மொழியோ தமிழ்.

மருத்துவர் "கிலோய் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், சீந்தில் கசாயம் குடிக்கும் தாராவிப் பாட்டி "இல்லை" என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட சொல் அவருடையதன்று. "ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டாலும் விடை "இல்லை" என்றே வரக்கூடும். கசாயமும் இலேகியமும் சூரணமும் பல குடும்பங்களில் உணவின் வகைக்குள் அடங்குபவை. மருந்து என்ற சொல் கடையில் வாங்கும் மாத்திரையைக் குறிக்கும். மலையாளியிடம் சிற்றமிருது என்றும், மராத்தியரிடம் குள்வேல் என்றும், தமிழரிடம் சீந்தில் என்றும் கேட்டால்தான் ரூக்காம் பட்டியலின் முதல் கட்டமே நிரம்பும். சொல் தவறினால், காரணம் இருந்த இடத்திலேயே மறைந்துகொள்ளும். அறிக்கையில் 'காரணம் அறியப்படாத அழற்சி' என்று எழுதப்படும்.

கேட்கும் தொனியும் சொல்லுக்கு இணையானது. நாட்டு மருந்தை இகழும் குரலில் கேட்கும் மருத்துவரிடம் நோயாளி மறைப்பார். நாட்டு மருந்தால் ஒருபோதும் தீங்கில்லை என்று நம்பும் மருத்துவரோ கேட்கவே மாட்டார். இகழ்ச்சியாலும் வழிபாட்டாலும் அதே வினா அதே இடத்தில் தடைபடுகிறது.

இதில் தமிழியல் ஆய்வாளருக்கும் பணி உண்டு. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இன்று வழங்கும் வீட்டு மருந்துகளின் பெயர்களை, வட்டார வழக்கும் தாவரப்பெயரும் உட்கொள்ளும் அளவும் சேர்த்துத் தொகுத்து, இந்தி, மராத்தி, மலையாளப் பெயர்களுடன் இணைத்த ஓர் அகராதி நமக்குத் தேவை. தாராவி மக்கள் பெரிதும் நாடும் சயான் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், பயிற்சி மருத்துவர் ஒருவர் அதைப் புரட்டி ஒரு கேள்வி கேட்க முடிந்தால், அது சிறந்த சொல்லாய்வாகும். நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் பயிலும் மாணவர்கள் இதனை ஆய்வுத் தலைப்பாக ஏற்கலாம். தம் வீட்டில் வழங்கும் மருந்துப் பெயர்களை நண்பர்கள் ஊர்ப்பெயருடன் இப்பதிவின் கீழே குறிப்பிட்டால், அத்தொகுப்புக்கு அதுவே தொடக்கமாக அமையும்.